ஒரு கண்டா, மேலே ஒன்று

பல்லாங்குழி ஆட இரண்டு பேர் வேண்டும். பாகீரதி ஒருத்தியாகவே ஆடிக்கொண்டிருந்தாள். தன் பக்கத்துக் குழியிலிருந்து சோழிகளை அள்ளிப் போட்டுவிட்டு எழுந்து, மடிசாரைச் சரிசெய்துகொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, அங்கிருந்து ஆடுவாள். பலகையைத் திருப்பி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதும்தான். ஆனால் எழுந்து போய் உட்கார்ந்தால் கொஞ்சம் நேரம் போகும். வங்காளத்துப் பாலிகஞ்சில் அவளிடம் கொள்ளைகொள்ளையாய்க் கிடந்தது நேரம் ஒன்றுதான்.

அவள் புருஷன் மஹாதேவன் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. காலையில் சாப்பிட்டுவிட்டு, கோட்டையும் தலைப்பாகையையும் மாட்டிக்கொண்டு பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு நடந்தால், விளக்கு வைக்கும் வேளைக்குத்தான் திரும்புவான். வீடு என்பது ஒரு வங்காளிக் குடும்பத்து வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை. நடுவே முற்றம், முற்றத்துக்கு அப்பால் ஒரு குளம், குளத்துக்கு அப்பால் மூங்கில். ஆடி மாதத்தில் பிடிக்கும் மழை புரட்டாசிவரை விடாது. சுவர் வியர்க்கும், உப்பு கரையும், அப்பளம் நமத்துப் போகும்.

இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. முதலாவது மாயவரத்தில், பேர் வைப்பதற்குள் போய்விட்டது. இரண்டாவது இதே வீட்டில் தவழ ஆரம்பித்து, வாசற்படியில் மோவாயை இடித்துக்கொண்டு அழவெல்லாம் செய்து, பிறகு ஒரு ஜுரத்தில் போயிற்று. அதற்கப்புறம் டாலிகஞ்சில் இருந்த பட்டாபிராமன் வீட்டாரும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். சுற்றுவட்டாரத்தில் தமிழ் பேச இருந்தது அந்த ஒரு வீடுதான்.

அன்றைக்கு அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு குழியில் நான்கு சோழி சேர்ந்தது. நான்கு சேர்ந்தால் அதற்குப் பசு என்று பேர். யார் பக்கத்துக் குழியோ அவர்கள் அள்ளிக்கொள்ள வேண்டும். "பசு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் அள்ளினாள்.

"கண்டா" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரரின் தமக்கை நிற்கிறாள். நிஸ்தாரிணி என்று பேர். அந்த வீட்டுக் குழந்தைகள் அத்தை என்ற அர்த்தத்தில் பிஷிமா என்று கூப்பிடுவதால் தெருவுக்கே அவள் பிஷிமா. வெள்ளைப் புடவை, கத்தரித்த தலை. எட்டு வயதில் கல்யாணமாகி, பெரியவளாவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்து, தம்பி வீட்டில் மூலை அறையில் தனி அடுப்பு வைத்துக்கொண்டு ஒருவேளைச் சோறு பொங்கித் தின்கிறவள். மீன் கிடையாது, வெங்காயம் கிடையாது. அதனாலேயே மஹாதேவனுக்கு அவள்மேல் ஒரு மரியாதை.

பிஷிமா குனிந்து, பாகீரதியின் உள்ளங்கையில் இருந்த நான்கு சோழிகளையும் தொட்டுக் காட்டி மறுபடி "கண்டா" என்றாள். பாகீரதி "பசு" என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். பிஷிமா எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அன்றோடு பாகீரதி எழுந்து போய் உட்காருவது நின்றது.

அப்புறம் பேச்சு வளர்ந்ததெல்லாம் எண்ணிக்கையில்தான். வங்காளத்தில் வெற்றிலை, வாழைப்பழம், வறட்டி எல்லாம் நான்கு நான்காகக் கண்டாக் கணக்கு. ஐந்து கண்டா ஒரு குரி, அதாவது இருபது. வறட்டி நூறு என்று கேட்டால் வறட்டிக்காரி இருபது கண்டா எண்ணிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அவளுக்கு எண்பதோடு ஒரு வட்டம் முடிந்தது, அதற்குமேல் நூறு என்று ஒன்று எதற்கு என்பது அவள் முகத்தில் தெரியும். பிஷிமாவுக்குத் தன் வயதுகூடக் கண்டாவில்தான் தெரியும்.

"எனக்குப் பதினோரு கண்டா, மேலே ரெண்டு. உனக்கு, பௌமா?"

பௌமா என்றால் மாட்டுப்பெண். பிஷிமா பேசியதென்னவோ வங்காளிதான். பாகீரதியின் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படி எழுதுகிறேன்.

பாகீரதி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அஞ்சு கண்டா, மேலே மூணு" என்றாள்.

ஒருநாள் வாசலில் எலுமிச்சம்பழக்காரி வந்தாள். பாகீரதி உள்ளங்கையை விரித்து ஐந்து விரலையும் காட்டினாள். அவள் பிறந்த வீட்டில் ஒரு கை என்றால் ஐந்து. பழக்காரி தலையாட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கூடையில் பாதி முற்றத்துக்கு வந்துவிட்டது. பாகீரதி கையைக் கையை ஆட்டுகிறாள், ஆட்ட ஆட்ட அவள் இன்னும் எடுத்து வைக்கிறாள். பிஷிமா வந்துதான் தடுத்தாள்.

"உன் கையில எத்தனை?"

"அஞ்சு."

"எங்க கையில இருபது. பாரு." பிஷிமா மறுகைக் கட்டைவிரலால் ஒவ்வொரு விரலிலும் மூன்று ரேகையும் நுனியும் தொட்டுக் காட்டினாள். "விரலுக்கு ஒரு கண்டா. அஞ்சு விரலுக்கு ஒரு குரி. கையைக் காட்டினா இருபது எடுத்து வைக்காம என்ன பண்ணுவா? அதையும் நாலு தரம் ஆட்டினே."

சாயங்காலம் மஹாதேவன் வந்து பார்த்துவிட்டு, "யாருக்குடி இத்தனை எலுமிச்சம்பழம், பட்டாளத்துக்கா?" என்றான்.

"ஊறுகாய் போடறேன்னா."

"இந்த மழையில ஊறுகாயா?"

போட்டாள். வெயில் தலைகாட்டிய நாளில் பிஷிமாவும் அவளும் உட்கார்ந்து பழம் நறுக்கினார்கள். உப்பில் கை எரிய எரிய ஒருத்தி தன் ஊர்க் கதையைச் சொன்னாள், மற்றவள் புரிந்தவரைக்கும் ஊங்கொட்டினாள். பிஷிமாவின் ஒருவேளைச் சோற்றுக்கு அந்த ஊறுகாய் ஒரு வருஷம் வந்தது.

மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனபோது பாகீரதிக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பிள்ளை மாசியில் பிறந்தது. சீதாராமன் என்று பேர் வைத்தார்கள். நல்ல எடை, நல்ல குரல். இரண்டாவதும் இப்படித்தான் நல்ல குரலோடு இருந்தது. அதை நினைத்து நினைத்தே அவளுக்குப் பால் சுரப்பது குறைந்தது.

அவள் ஊர்ப்பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்றால் கொண்டுபோக வந்தவன் ஏமாந்து திரும்பிவிடுவான். ஆபத்து தாண்டினபின் அதே தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் பிள்ளை அவர்கள் பிள்ளைதான். டாலிகஞ்ச் மாமி அனந்தலக்ஷ்மி குழந்தையைப் பார்க்க வந்தபோது பாகீரதி மெல்லக் கேட்டாள்.

"மாமி, நீங்க இவனைத் தவிட்டுக்கு வாங்கிக்கறேளா?"

அனந்தலக்ஷ்மி குழந்தையின் காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "தப்பா நெனைச்சுக்காதே, பாகீ. எனக்கும் நாலு இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

"இல்லை மாமி. நான் சும்மாத்தான் கேட்டேன்."

மாமி போனபின் பாகீரதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிஷிமா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவள், "யார் என்ன சொன்னாங்க?" என்றாள். பாகீரதி பாதி பேச்சிலும் பாதி ஜாடையிலும் தவிட்டுக் கதையைச் சொன்னாள். பிஷிமாவுக்கு முழுதும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"எங்களுக்கும் உண்டு, பௌமா. தவிடு இல்லை, கொரி." கொரி என்றால் சோழி. "ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு. ஜோடி சேரக் கூடாது. ஜோடி சேர்ந்தா முன்னே போனது கைநீட்டிக் கூப்பிடும். நான் வாங்கறேன். எனக்குப் பயப்பட என்ன இருக்கு? எத்தனைக்குக் குடுக்கறே?"

பாகீரதி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"உன் கையா, என் கையா?"

"என் கை" என்றாள் பாகீரதி. அந்த மாதத்தில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

பிஷிமா குளத்தில் முழுகிவிட்டு ஈரப்புடவையோடு வந்தாள். அவள் அறையில் சாமி மாடத்தில் ஒரு சின்னப் பிரம்புக்கூடை உண்டு. லக்ஷ்மி கூடை. அவள் புக்ககத்திலிருந்து கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான். நெல்லும் குங்குமமும் சோழியுமாக அதில் இருக்கும். எடுத்தால் குறையும் என்று அதைத் தம்பி பெண்டாட்டிகூடத் தொடக் கூடாது. அதிலிருந்து சோழிகளை எடுத்து, முறத்தில் கிடந்த குழந்தைக்கு மேலே சுற்றி, பாகீரதியின் கையில் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"ஒரு கண்டா. மேலே ஒண்ணு. ஆச்சா? இனிமே இவன் அஞ்சு கொரிக்கு வந்த பாஞ்ச்கொரி. என் பிள்ளை. நீ இவனுக்குப் பால் குடுக்கிற ஆயா."

"கொஞ்சம் பெரியவனானா திருப்பி வாங்கிக்குவேன்" என்றாள் பாகீரதி.

பிஷிமா குழந்தையின் நெற்றியை முகர்ந்துகொண்டிருந்தாள். காதில் விழுந்ததோ என்னவோ.

பிள்ளை வளர்ந்தான். ஜுரம் வந்தது, போயிற்று. அம்மை வார்த்தது, இறங்கிற்று. ஆண்டு நிறைவு ஆயிற்று. பாகீரதி அவனைச் சீதாராமா என்று கூப்பிடுவாள். பிஷிமா முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து பாஞ்ச்கொரி என்பாள், அவன் அந்தப் பக்கமே ஓடுவான். முதலில் பேசின வார்த்தையும் அம்மா இல்லை, பிஷி. பாகீரதிக்கு அதில் வருத்தம் உண்டா என்றால் உண்டு. ஆனாலும் விற்றவள் அவள்தானே, யாரிடம் போய்ச் சொல்ல? பிள்ளை உயிரோடு ஓடுகிறானே, அது போதும் என்று இருந்தாள்.

அந்த ஐந்து சோழிகளை அவள் கண்ணாடிப் பெட்டியில் தனியாக வைத்திருந்தாள். நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு பிள்ளை அதைக் கவிழ்த்துப் பல்லாங்குழிச் சோழியோடு கலந்துவிட்டான். எழுபதோடு ஐந்து. எது விற்ற விலை, எது விளையாட்டு என்று பிரித்தெடுக்க வழியில்லை.

அப்போதுதான் தலைநகரம் இங்கிருந்து டில்லிக்குப் போகிறது என்று செய்தி வந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் ஆபீஸில் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். துர்க்கா பூஜை முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்று மஹாதேவன் வந்து சொன்னான்.

"டில்லியில நம்மவா இருக்காளான்னா?"

"போனாத்தான் தெரியும்."

அவள் கொஞ்சம் தயங்கி, "இவனைத் திருப்பி வாங்கணுமே" என்றாள்.

மஹாதேவன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை என்று ஆபீஸில் சொல்லிக்கொள்வான். "அஞ்சு சோழிக்கு ஒரு விக்ரயம், அதுக்கு ஒரு மீட்பு" என்று முனகினான். பிறகு குழந்தை தூங்குவதைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "வாங்கிடு, பாகீ. அடுத்தாத்துப் பிள்ளையைத் தூக்கிண்டு ரயிலேற வேண்டாம்" என்றான்.

செய்தி தெரிந்ததிலிருந்து பிஷிமா முற்றத்துப் பக்கம் வரவில்லை. மூலை அறைக் கதவு பாதி சாத்தியே இருந்தது. பூஜை வந்தது. தெருவெல்லாம் தாக் மேளம் அதிர்ந்தது, தசமியன்று அம்மனைக் குளத்தில் கரைத்தார்கள். பிஷிமா ஒரு தட்டில் நான்கு தேங்காய் உருண்டை வைத்துக் குழந்தைக்குக் கொடுத்தனுப்பினாள். தான் வரவில்லை. பாகீரதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கிளம்பும் நாள் காலையில் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பிஷிமா லக்ஷ்மி கூடையை இறக்கிவைத்துப் புளி போட்டுக் குங்குமச் சிமிழைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வரும் பௌர்ணமிக்கு வங்காளிகளுக்கு லக்ஷ்மி பூஜை.

"பிஷிமா, என்மேல கோபமா?"

"கோபம் எதுக்கு? போற இடத்துக்குப் போறீங்க."

"எங்க வழக்கம் அன்னிக்கே சொன்னேன். திருப்பி வாங்கிக்கணும்."

"வித்த பொருளைத் திருப்பிக் கேக்கற வழக்கம் எங்க பக்கம் இல்லை."

பாகீரதி அவள் எதிரே உட்கார்ந்தாள். "வாங்கலைன்னா அவன் என் பிள்ளை இல்லை, பிஷிமா. டில்லியில எனக்கு யாரும் இல்லை. இவனும் இன்னொருத்தர் பிள்ளைன்னா நான் அங்க போய் என்ன பண்ணுவேன்?"

பிஷிமா சிமிழைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "எனக்கு இங்க யார் இருக்கா? தம்பி வீட்டுச் சோறு இருக்கு. மூலை இருக்கு. என் பிள்ளைன்னு சொல்லிக்க ஒருத்தன் இருந்தான், கூப்பிட்டா ஓடி வந்தான். பேருக்குத்தான், பௌமா. எனக்குத் தெரியாதா? பேருக்கு இருந்ததே எனக்கு நிறைய இருந்தது."

பாகீரதி அழுதுவிட்டாள். பிஷிமா அழவில்லை. கூடைக்குள் நெல்லைக் கிளறிப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா இந்தக் கூடை குறையாத்தான் இருக்கு. குறைக் கூடையை வெச்சுப் பூஜை பண்ணினேன். லக்ஷ்மி ஒண்ணும் கேக்கலை." பிறகு, "போ. பிள்ளையைப் பெத்தவ நீதான். கொரியைக் கொண்டு வந்து குடு" என்றாள்.

வாசலில் குதிரைவண்டி வந்து நின்றுவிட்டது. மஹாதேவன் படுக்கைச் சுருளை எண்ணிக்கொண்டிருந்தான். பாகீரதி சோழிப் பையில் கைவிட்டு ஐந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிஷிமா குளித்துவிட்டு ஈரப்புடவையோடு முற்றத்தில் நின்றுகொண்டு உள்ளங்கையை நீட்டினாள். பாகீரதிக்குக் கண்ணில் நீர் மறைத்தது. சோழிகளை ஒவ்வொன்றாக விட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது விழுந்ததும், வழக்கமாக வாயில் வருகிற வார்த்தை தானாக வந்துவிட்டது.

"பசு."

"கண்டா" என்றாள் பிஷிமா. கையை மூடி, முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அதற்குள் பிள்ளை ஓடிவந்து பாகீரதியின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவள் அவனைத் தூக்கினாள். பிஷிமா அவன் நெற்றியை முகர்ந்தாள். "நல்லா இரு" என்றாள். பேர் சொல்லவில்லை. வண்டி தெருக்கோடி திரும்பும்வரை முற்றத்துக் கதவருகே அந்த வெள்ளைப் புடவை தெரிந்தது, அப்புறம் மூங்கில் மறைத்துவிட்டது.

மறுநாள் காலை ரயில் பெரிய சமவெளியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சோளக்கொல்லை. புளியஞ்சாதம் கட்டியிருந்த சருகைப் பிரித்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பிள்ளை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு "பிஷி கோயி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிஷி எங்கே என்கிறான். சீதாராமா என்று கூப்பிட்டாள், திரும்பவில்லை. விளையாட்டுக் காட்டலாம் என்று பாகீரதி பையிலிருந்து பல்லாங்குழியை எடுத்துப் பலகைமேல் விரித்தாள். குழிக்கு ஐந்தாகச் சோழி போட்டாள். பதினாலு குழியும் நிறைந்தது.

கையில் ஒன்று மிச்சமிருந்தது.

மறுபடி எல்லாவற்றையும் வாரிப் போட்டாள். மறுபடி ஒன்று மிஞ்சியது.  அவளுடையது எழுபதுதான். கொடுத்தது ஐந்து என்றால் எழுபதுதான் இருக்க வேண்டும். நேற்று முற்றத்தில் கையில் என்ன நடந்தது என்று யோசித்தாள். பசு என்று சொன்னது நினைவு வந்தது. பசு சேர்ந்தால் ஆட்டம் அங்கே நிற்கும், அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். மூடிய தன் கையில் ஒன்றை வைத்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கியிருக்கிறாள், பையில் போட்டிருக்கிறாள்.

"என்னடி முழிக்கறே?" என்றான் மஹாதேவன்.

"ஒண்ணு கூட இருக்குன்னா."

"அவசரத்துல எண்ணத் தப்பியிருப்பே."

"நான் தப்பிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தான் தப்பியது சரி. பிஷிமா? வெற்றிலையை எண்ணினாலும் வயதை எண்ணினாலும் மேலே ஒண்ணு, மேலே ரெண்டு என்று முடிக்காமல் எழுந்திராதவள். கூடையில் என்ன குறைகிறது என்று நெல்லைக் கிளறிப் பார்த்தவள். அவள் உள்ளங்கையில் நான்கு விழுந்தபோது கண்டா என்றாள், மேலே ஒண்ணு எங்கே என்று கேட்கவில்லை. கையை மூடிக்கொண்டாள். பௌர்ணமிக்கு இந்த வருஷமும் குறைக் கூடையைத்தான் வைத்துப் பூஜை செய்யப்போகிறாள், தெரிந்தே.

பாகீரதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஏமாற்றப்பட்ட கோபம் ஒரு துளிகூட வரவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பாக்கி நின்ற விலை ஒன்றும் ஒற்றைதான், ஜோடி சேராது என்று நினைத்தாள்.

"அப்போ என்ன பண்றது?" மஹாதேவனுக்கு முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "தபாலில் அனுப்பலாமா?"

"வேண்டாம்."

"வேண்டாம்னா? பாக்கி இருக்கலாமா?"

"இருக்கட்டும்னா. அது பாக்கிதான்."

அவள் புடவைத் தலைப்பில் ஓரமாகக் கிழித்து அந்த ஒரு சோழியை முடிந்தாள். பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அவன் அரைஞாணில் அதைக் கட்டப் பார்த்தாள். அவன் துள்ளினான், நழுவினான், ஜன்னலுக்கே போய் நின்றுகொண்டான்.

"பாஞ்ச்கொரி" என்று கூப்பிட்டாள் பாகீரதி. அவள் வாயால் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிள்ளை சட்டென்று திரும்பினான். அவளைத் தாண்டி, பெட்டியின் கதவுப் பக்கம் யாரையோ தேடினான். யாரும் இல்லை என்று தெரிந்ததும் வந்து மடியில் உட்கார்ந்தான், அவள் முடிச்சைக் கட்டினாள்.